நான் சொல்லிக்கொடுத்த பிரிவு 368

அரசியலமைப்பைத் திருத்துவது எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்று சொல்லிவிடுவேன். மசோதாவை நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளில் எதில் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். மாநிலச் சட்டமன்றத்தில் முடியாது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆதரிக்க வேண்டும். அது மட்டும் போதாது. அன்றைக்கு வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு இருக்க வேண்டும். இரண்டு அவைகளும் தனித்தனியாக இப்படி நிறைவேற்ற வேண்டும். முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம் போட்டுத் தீர்க்கிற வழி இதற்குக் கிடையாது. மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடுகிற விஷயமென்றால் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். பிரிவு 368 என்பது இவ்வளவுதான். இதை ஒருமுறை மாற்றிச் சொல்லிக்கொடுத்து ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் நான்.

சீசன் முடிந்தால் குற்றாலத்து லாட்ஜ்களில் ஈ ஓட்டுவார்கள். ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜ்காரர், அப்படிச் சும்மா கிடந்த கீழ்த்தள ஹாலை அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற எங்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடுவோம். வாத்தியார் யாரும் கிடையாது. ஆளுக்கொரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதை அவரே முழுக்கப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். மற்றவர்கள் அந்தப் பாடத்தின் புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை. சொல்கிறவரின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டால் போதும். நேரம் மிச்சமாகுமென்று நாங்களே கண்டுபிடித்த முறை இது. அப்போது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

என் பங்குக்கு வந்தது அரசியலமைப்பு. பட்டம் வாங்கிவிட்டு மேலகரத்தில் வீட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஹாலில்தான் மரியாதை கிடைத்தது. நான் பேசினால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே வாரம் முழுவதும் உதாரணங்களை யோசித்துக்கொண்டிருப்பேன்.

முதல் வரிசையில், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள் இருப்பாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். வடகரையிலிருந்து பஸ் மாறி வருவாள். புருஷன் புனலூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தை வைத்துக்கொண்டான். அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் கெட்டவரில்லை, ஆனால் அண்ணன் வீட்டில் அவளுக்கென்று ஒரு கதவு இல்லை. வேலை கிடைத்ததும் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டோம்.

"ஒத்த ரூமு வாடகைக்கு எடுப்பேன். உள்ள போயி, நானே தாப்பாளப் போட்டுக்கிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன்" என்றாள்.

அந்த வருஷத் தேர்வுதான் அவளுக்குக் கடைசி. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். பத்தாவதுக்கு மேல் அவளைப் படிக்க வைக்கவில்லை. படித்திருந்தால் எங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் அந்த வரம்பே கிடையாது. பட்டம் வாங்கிய நான் தலை நரைக்கும்வரை எழுதலாம். ஆதரவற்ற விதவைகளுக்கும் வரம்பு இல்லை என்று அறிவிப்பில் போட்டிருந்ததை நான்தான் வாசித்துச் சொன்னேன்.

"அந்த மனுசன் செத்திருந்தா நானும் எழுதிக்கிட்டே இருக்கலாம் போலுக்கு. உயிரோட இருந்துல்லா கழுத்தறுக்கான்" என்று அவள் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அரசியலமைப்பைத் திருத்துவதற்கு அத்தனை பேர் கை தூக்க வேண்டும். வயது வரம்பைத் தளர்த்த ஓர் அரசாணை போதும். அந்த ஒரு காகிதம் அவளுக்காக வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிரிவு 368-ஐ நடத்திய ஞாயிற்றுக்கிழமை நான் உச்சத்தில் இருந்தேன். ஒரு ஊரிலிருந்து வேன் பிடித்துக் குற்றாலம் வருகிறார்கள் என்று ஆரம்பித்தேன். மெயினருவியில்தான் குளிப்பது என்று வீட்டிலேயே தீர்மானித்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதுதான் அரசியலமைப்பு. வந்து பார்த்தால் அங்கே கூட்டம் முண்டுகிறது. ஐந்தருவிக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்கிறார். அதுதான் திருத்த மசோதா. வேனில் வந்தவர்கள் எல்லோரும் மொத்த உறுப்பினர்கள். ஆனால் ஒருவர் வேனுக்குள்ளேயே தூங்குகிறார், ஒருவர் சிப்ஸ் கடையில் நிற்கிறார், இன்னொருவர் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். மீதி, அருவிக்கரையில் நின்று கை தூக்குகிறவர்கள்தான் வந்திருந்து வாக்களிப்பவர்கள். பின்னால் வந்த இரண்டாவது வேன்தான் மாநிலங்கள். அதிலும் பாதிப் பேராவது சரி என்று சொல்ல வேண்டும். டிரைவர்தான் குடியரசுத் தலைவர். எல்லோரும் சொன்னபின் அவர் வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும், மாட்டேன் என்று சொல்ல முடியாது.

ஹாலே அதிர்ந்தது. அந்த உற்சாகத்தில்தான் பலகையில் எழுதினேன்: வேனில் வந்த மொத்தப் பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அருவிக்கரையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல். அப்படியே தலைகீழ். வீட்டுக்கு வந்து நோட்டிலும் அதையே அழகாக எழுதி வைத்தேன். புத்தகத்தைத் திறந்து ஒருமுறை சரிபார்த்திருக்கலாம். சிரித்துவிட்டார்கள் அல்லவா, சரிபார்க்க என்ன இருக்கிறது? அக்கா என் நோட்டைக் கடன் வாங்கிப்போய், வேன் படம் உட்பட வரி விடாமல் எழுதிக்கொண்டு வந்தாள்.

சாரல் விழுந்து சீசன் ஆரம்பித்ததும் ஹாலுக்கு வாடகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். நாங்கள் அவரவர் வீட்டில் படித்தோம். தேர்வும் சீசனுக்கு நடுவிலேயே வந்தது. எனக்குத் தென்காசியில் மையம், அக்காவுக்கு ஆலங்குளத்தில்.

தேர்வன்று காலை பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் பாடப் புத்தகத்தை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு. என்னால் சும்மா இருக்க முடியுமா?

"மாத்திப் படிக்கியேம்மா" என்றேன்.

அவள் பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

இரண்டு முறை வாசித்தேன். பிறகு அவள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி மூன்றாம் முறையும் வாசித்தேன். எங்கள் வாட்ஸாப் குழுவில் கைக்கு வந்தபடி திருத்தத்தைப் போட்டேன். மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள். அக்காவிடம் இருந்ததோ பட்டன் போன். கூப்பிட்டேன். எடுத்தது அவள் அண்ணன்.

"அவ போனு என் கையிலல்லா இருக்கு. இப்பத்தான் உள்ள போனா, இனி வெளிய விடமாட்டாங்க. என்ன விஷயம்மா?"

சொல்லியிருக்கலாம். சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று அவளைப் பேர் சொல்லிக் கத்துங்கள் என்று கெஞ்சியிருக்கலாம். அதனால் ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் கெஞ்சியிருக்கலாம்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நல்லா எழுதச் சொல்லணும்னுதான்" என்று வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்று தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேதான் வினாத்தாளைப் பிரித்தேன். நாலைந்து பக்கம் தாண்டியதும் இருந்தது. நான்கு விடைகளில் என் வேன் விடையும் ஒன்று. சரியான வட்டத்தைக் கருப்பு மையால் நிரப்பினேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே அருவருப்பு.

வெளியே வந்து போனை ஆன் செய்ததுமே அக்கா கூப்பிட்டாள்.

"ஏட்டி, உன் வேன் கேள்வி அப்பிடியே வந்திருக்குட்டி! கண்ண மூடிக்கிட்டுப் போட்டேன். நா நல்லா எழுதணும்னு அண்ணனுக்குப் போன் பண்ணியாம்லா? நீ நல்லா இருக்கணும் தாயி."

சந்தோஷம்க்கா என்றேன். மற்ற கேள்விகளில் அவள் தப்பித்துவிடுவாள், இந்த ஒன்று இல்லாமலே கரையேறிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன பிரார்த்தனை இது! செய்த தப்பு யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

சில நாட்களில் உத்தேச விடைகள் வெளியாயின. மறுநாள் காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன். தென்காசியில் ஒரு நெட் சென்டரில் இருக்கிறாள், உடனே வர வேண்டுமாம். ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் என் நோட்டைப் பார்த்து எழுதிய அவள் நோட்டு விரிந்து கிடந்தது. வேன் படம் தெரிந்தது. அவள் முகத்தில் கோபம். என் மேல் அல்ல, விடை போட்டவர்கள் மேல்.

"தப்பா விட போட்டிருக்கானுவட்டி. ஆட்சேபம் தெரிவிக்கலாமாம். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு கேக்குதான். நீ எந்தப் புத்தகத்துலேர்ந்து எடுத்தன்னு சொல்லு, நா போட்டுடுதேன்."

நெட் சென்டர்க்காரர் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. புத்தகத்தின் பெயர். பக்க எண்.

"புத்தகம் இல்லக்கா" என்றேன்.

"வீட்டுல இருக்கா? போயி எடுத்துட்டு வா. நா இங்கனயே இருக்கேன்."

"எந்தப் புத்தகத்துலயும் இல்லக்கா. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன். அவங்க போட்டதுதான் சரி."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. நோட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுது கொஞ்சம் ஆறியிருப்பேன்.

"அமுக்கி அமுக்கிப் போட்டேனேட்டி" என்று மட்டும் சொன்னாள். "அந்த வட்டத்துல ஒரு துளி வெள்ள தெரியக்கூடாதுன்னு, அமுக்கி அமுக்கிப் போட்டேன்."

நாட்டின் அரசியலமைப்புக்கே திருத்த வழி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளில் ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டால் நிரப்பியதுதான். அவள் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு செங்கோட்டை பஸ்ஸுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பார்க்காமல் இல்லை. ஆனால் பேசவில்லை.

முடிவு வந்தபோது சான்றிதழ் சரிபார்ப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே பிரிவு. அந்தப் பிரிவில் கடைசியாகக் கூப்பிடப்பட்டவர் வாங்கியதற்கும் அக்கா வாங்கியதற்கும் இடையே இருந்தது ஒரே ஒரு கேள்விக்கான மதிப்பெண். மாற்றிமாற்றிக் கூட்டிப் பார்த்தேன். வேறு கேள்விகளிலும் தப்பு விட்டிருப்பாள், அதையெல்லாம் விட்டுவிட்டு இது ஒன்றையே பிடித்துக்கொள்வானேன் என்று என் அம்மா சொன்னாள். மற்றவை அவளுடைய தப்புகள் அம்மா, இது என்னுடையது என்றேன்.

எனக்கு வேலை உத்தரவு வந்தது. ஆலங்குளத்தில் இளநிலை உதவியாளர். செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்து அக்கா போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டு ஐந்தாறு மாதமாகியிருந்தது.

"வேலைல சேரச் சேல எடுக்கணும்லா? எங்க கடைக்கே வா. டவுன்ல துணிக்கடைலல்லா நிக்கேன் இப்ப, ரெண்டாவது மாடி."

போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அது இன்னொரு கோழைத்தனம். கடைச் சீருடையில், கழுத்தில் அட்டை தொங்க, அக்கா நின்றுகொண்டிருந்தாள். காலில் வீக்கம் தெரிந்தது. "அண்ணன் வீடு தொலவுல்லா, கடைக்காரங்களே ஹாஸ்டல் குடுத்திருக்காங்க. ஒரு ரூமுல பன்னெண்டு பேரு" என்றாள். கேட்காமலே சொன்னாள். பிறகு அலமாரியிலிருந்து சேலைகளை எடுத்து ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள். என் கண்ணில் எந்த நிறமும் நிற்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஏட்டி, கேக்கணும்னே இருந்தேன். அந்தக் கேள்விக்கு நீ என்ன போட்ட?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நானும் வேன் விடையைத்தான் போட்டேன் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா? அல்லது அந்தப் பொய்யும் எனக்காகத்தானா?

"சரியானதத்தான் போட்டேங்க்கா. அன்னைக்குக் காலைல கேட்டுக்கு வெளிய வச்சுத்தான் தெரிஞ்சுது. அதுக்குத்தான் உங்க அண்ணனுக்கு அடிச்சேன்."

விரித்த சேலையின் ஓரத்தை அவள் விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது. கடையில் அழக் கூடாது போலிருக்கிறது. அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அடுக்கிலிருந்து ஒரு பச்சைச் சேலையை உருவி என் தோளில் வைத்து, ஒரு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தாள்.

"இத எடு. ஆபீசுக்கு நல்லா இருக்கும்."