ஆரஞ்சு ஜாக்கெட்டும் ஏழாம் நம்பர் பையும்

1. கறுப்பின் மேல் கறுப்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், சேஃப்டி என்றால் கேட்டுக்கு உள்ளே மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். என்னைப் படாத பாடு படுத்தியது கேட்டுக்கு வெளியே நடந்த விஷயம். அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை. ஏ ஷிப்ட்டுக்கு பைக்கில் வந்துகொண்டிருந்த முனிரத்தினத்தை ஹைவேயில் யூ டர்ன் அருகே ஒரு லாரி இடித்துத் தள்ளிவிட்டது. பொன்னேரிக்காரர், ரப்பரை அச்சில் அழுத்தி எடுக்கும் பிரஸ் செக்‌ஷனில் சீனியர் ஆபரேட்டர். தோள் எலும்பு முறிந்ததோடு தப்பித்தார். லாரி டிரைவர் ஓடிப்போகாமல் மழையில் நனைந்தபடி அங்கேயே நின்றிருந்தான்.

"சத்தியமா தெரில சார். கறுப்பு வண்டி, கறுப்பு ரெயின்கோட்டு, கறுப்பு ஹெல்மெட்டு. ரோடும் கறுப்பு. நான் இன்னாத்த பாக்கறது?"

நாலு திட்டு திட்டலாம் என்றுதான் போனேன். அவன் சொன்னதைக் கேட்ட பிறகு திரும்பி ரோட்டைத்தான் பார்த்தேன்.

அன்றே பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் முடிவெடுத்துவிட்டால் அசையமாட்டார். "போதும் தயாளன். பொங்கல் முடிஞ்சதும் ஒரு டூவீலர்கூட கேட்டுக்குள்ள வரக்கூடாது. எல்லாரும் கம்பெனி பஸ்ல வரட்டும்."

நோட்டீஸ் போர்டில் காகிதம் ஏறியது. அடுத்த பிரேக்கில் ஸ்டெல்லா என் கேபின் வாசலில் நின்றாள். ரப்பர் பிசிறை வெட்டி எடுக்கும் டிரிம்மிங் செக்‌ஷனில் அவளைப் போலக் கை வேகம் யாருக்கும் கிடையாது. வாய் அதைவிட வேகம். பெரியபாளையத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள்.

"எங்க ஊருக்கு எந்த பஸ்ஸு சார் வருது?"

"மெயின் ரோட்டுக்கு வருதேம்மா."

"ஊரெல்லாம் சுத்திகினு வர்ற பஸ்ஸு. அதப் புடிக்கணும்னா கோழி கூவறதுக்கு முன்னாடி கெளம்பணும். புள்ளைய எங்கம்மா ஊட்ல உட்டுட்டு நான் எப்பிடி வர்றது? வண்டி இல்லன்னா எனக்கு வேலையும் இல்ல சார். நோட்டீசுல அதையும் சேத்து எழுதிடுங்க."

சொல்லும்போது சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. மறுபடியும் பிளான்ட் ஹெட்டிடம் போய் நின்றேன். வண்டி ஓட்டுகிற எல்லோரையும் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நான் மாற்றிக் காட்டினால் உத்தரவை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன்.

"பொங்கலுக்குள்ள ஒரு நாள் நானே உங்க ஆளுங்க பின்னாடி கார்ல வர்றேன். எந்த நாள்னு சொல்லமாட்டேன். தெரிஞ்சா பார்க்கலாம்" என்றார்.

2. யாருக்கும் வேண்டாத கலர்

இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஸ்டோர்ஸில் சொல்லி, வெள்ளி டேப் வைத்த ஆரஞ்சு ஜாக்கெட்டுகளை வரவழைத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். எல்லோரும் "தேங்க்ஸ் சார்" என்று வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் கேட்டில் நின்று பார்த்தால், ஸ்டெல்லாவைத் தவிர ஒருவர் உடம்பிலும் அது இல்லை. சிலர் வண்டி சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோபம் தலைக்கேறியது. அந்த நேரம் பார்த்து, கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டபடி லீவு சர்ட்டிபிகேட் கொடுக்க முனிரத்தினம் வந்தார். இவராவது எனக்காக நாலு வார்த்தை பேசுவார் என்று ஒரு ஜாக்கெட்டை நீட்டினேன்.

"இன்னொரு வாட்டி லாரில அடிபட்டாலும் படுவேன் சார். இத போடமாட்டேன்."

"ஏன்யா?"

"உள்ள ஆரஞ்சு யாரு போடறாங்க? காண்ட்ராக்ட் ஆளுங்க. பர்மனெண்டுக்கு நான் எவ்ளோ வருஷம் பேஜார் பட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா? இத போட்டுகினு பொன்னேரி பஜார்ல போனா, முனிரத்தினத்துக்கு வேலை பூட்ச்சின்னு பேசுவானுங்க."

அந்த விதியைப் போட்டவனே நான்தான். யார் எந்த ஆள் என்று தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று காண்ட்ராக்டுக்கு ஆரஞ்சு, பர்மனெண்டுக்கு நீல யூனிஃபார்ம் என்று பிரித்து வைத்திருந்தேன். சரி, காண்ட்ராக்ட் ஆட்களாவது போடலாமே என்று கேட்டால், "உள்ள போட்டுகினு இருக்கறது பத்தாதா சார், ரோட்லயுமா?" என்றார்கள்.

போட்டுக்கொண்டு வந்த ஒரே ஆளான ஸ்டெல்லாவின் கதை வேறு. கவரப்பேட்டை அருகே ஒரு கார்க்காரர் அவளை நிறுத்தி, "ஏம்மா, ரோடு வேலை முடிஞ்சிடுச்சா? எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"நானும் கைய காட்டி அனுப்பிட்டேன் சார். எங்க போய் நிக்கறாரோ, பாவம்."

3. டிரெய்லர் கேபின்

ஆரஞ்சு சரிப்படாது என்று பச்சை கலந்த பளிச்சென்ற மஞ்சளுக்கு மாறினேன். அதை ஏதோ அரை மனதாகப் போட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஜாக்கெட்டை நான் கேட்டில் நின்று முன்னாலிருந்து பார்க்கிறேன். இடிக்கிறவன் பின்னாலிருந்து அல்லவா வருகிறான்?

எங்களுக்குச் சரக்கு கொண்டுவரும் ஒரு டிரெய்லரில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பொழுது சாயும் நேரம், லேசான தூறல், ஷிப்ட் விட்டு எங்கள் ஆட்கள் போகிறார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. ஒரு ஜாக்கெட்டும் தெரியவில்லை. ஒவ்வொருவர் முதுகிலும் சாப்பாட்டுப் பை. டிபன் கேரியர், தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி எல்லாம் அடைத்த கறுப்புப் பை, முதுகு முழுவதையும் மறைத்துக்கொண்டு போகிறது. மழைக்காக ரெயின்கோட்டை வேறு ஜாக்கெட்டுக்கு மேலேயே மாட்டியிருந்தார்கள்.

மறுநாள் டிரிம்மிங்கில் இதைச் சொன்னேன்.

"அப்ப பைல ஒட்டுங்க சார்" என்றாள் ஸ்டெல்லா. "எங்க முதுகு உங்களுக்கு எதுக்கு?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மத்தியானத்துக்குள் டேப் ரோல்களுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். பளிச்சென்ற துணி பகலுக்கும் பனிக்கும், வெள்ளி டேப் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு, இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். பை, ரெயின்கோட்டின் முதுகு, ஹெல்மெட்டின் பின்பக்கம் என்று மூன்று இடம். டேப் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் குறையக்கூடாது. மற்றபடி எந்த உருவத்தில் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கடைசி வரிதான் தீயாகப் பற்றிக்கொண்டது. ஸ்டெல்லா தன் வீட்டு மெஷினிலேயே பை நிறைய ஒரு சிலுவை தைத்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் பவானி அம்மனின் சூலம் வைத்தார். கபடி ஆடுகிறவர்கள் தங்கள் டீமின் புலியைக் கொண்டுவந்தார்கள். அது பார்க்கப் பூனை மாதிரிதான் இருந்தது, ஆனால் நன்றாகத் தெரிந்தது. காண்ட்ராக்ட் ஆட்கள் தயங்கித் தயங்கி, "எங்களுக்கும் உண்டா சார்?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே ரோல்தான் என்றேன்.

எலும்பு கூடி வேலைக்குத் திரும்பிய முனிரத்தினம் ஒரு வாரம் யோசித்தார். பிறகு பையிலும் ரெயின்கோட்டிலும் ஹெல்மெட்டிலும் பெரிதாக ஏழு என்று போட்டுக்கொண்டு வந்தார். அது அவர் ஓட்டும் பிரஸ்ஸின் நம்பர்.

4. மார்கழிப் பனி

சுற்றிலும் வயல்காடு என்பதால் எங்கள் பக்கத்துப் பனியைக் கேட்கவே வேண்டாம். மார்கழியில் ஒரு காலை, பக்கத்தில் நிற்கும் செக்யூரிட்டியின் முகமே மங்கலாக இருந்தது. ஏ ஷிப்ட் ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால் பிளான்ட் ஹெட் தானே ஓட்டி வந்த கார் ஊர்ந்து வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றது. இத்தனை நாளில் இந்த நாளா கிடைத்தது என்று நினைத்தேன்.

காரிலிருந்து இறங்கியவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏழாம் நம்பர் யாரு?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். முனிரத்தினம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். "நான்தான் சார். தப்பு ஒண்ணும் பண்ணலியே?"

"சர்வீஸ் ரோட்டுல ஒரு லாரி நிக்குது. லைட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு அந்த லாரி தெரியவே இல்லைங்க. உங்க ஏழுதான் தெரிஞ்சுது. அது திடீர்னு வலது பக்கம் ஒதுங்குச்சு. ஏன் ஒதுங்குதுன்னு நான் பிரேக் போட்டேன்." நிறுத்தி, மூச்சு வாங்கினார். "லாரிக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்துச்சு."

முனிரத்தினம் மெதுவாகச் சொன்னார், "அது நம்ம பிரஸ் நம்பர் சார்."

பிளான்ட் ஹெட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்தப் பக்கத்துத் தோள் முறிந்ததோ அந்தப் பக்கத்துக் கை.

"அப்ப வண்டி சார்?" ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை.

"உள்ளயே நிறுத்துங்கம்மா."

அவள் விரலை வாயில் வைத்து அடித்த விசில் பிரஸ் செக்‌ஷன் வரை கேட்டிருக்கும். வண்டி ஷெட்டில் நின்றவர்கள் எல்லோரும் ஹாரனை அமுக்கினார்கள். கேட்டுக்குள் ஹாரன் அடிக்கக்கூடாது என்பதும் நான் போட்ட விதிதான். அன்று நானே என் பைக் அருகே போய் நன்றாக அமுக்கினேன். ஒன்பது மணிக்குள் நோட்டீஸ் போர்டிலிருந்து அந்தக் காகிதம் போய்விட்டது. சாயங்காலம் பிளான்ட் ஹெட், காலேஜுக்கு பைக்கில் போகும் தன் மகனின் பையை டிரைவரிடம் கொடுத்து, டேப் தைத்துத் தரச் சொல்லி ஸ்டெல்லாவுக்கு அனுப்பினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு ஆளைத் தெரிய வைக்க வேண்டும் என்றால், அவன் எதைப் போட்டுக்கொள்ளக் கூச்சப்படுகிறான் என்று முதலில் கேளுங்கள். பிறகு அவன் பின்னால் ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் ஓய்வு பெற்ற நாளில் கேட்டுக்கு வெளியே நின்று, ஷிப்ட் விட்டுப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலுவை போனது, சூலம் போனது, பூனை மாதிரி இருக்கும் புலி போனது. யார் பர்மனெண்ட், யார் காண்ட்ராக்ட் என்று எனக்கே தெரியவில்லை. எல்லோரும் தெரிந்தார்கள்.