ஒரே பெட்டிக்குள் மூன்று கம்ப்யூட்டர்

நேற்று மகள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "வெர்ச்சுவல் மெஷின் ஒண்ணு போட்டுட்டேம்மா, கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர்" என்றாள். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். எனக்குச் சட்டென்று தோல் வாடை அடித்தது. ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு அந்த வாடை உறைக்காது. வெளியூர் போய்த் திரும்பினால்தான் தெரியும். இத்தனை வருடம் சென்னையில் இருப்பவளுக்கு எங்கிருந்து அடித்ததோ.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் நானும் ஷானாஸும் வேலை பார்த்தோம். சம்பளத்துக்கு ஒன்று, சரக்கிருப்புக்கு ஒன்று, ஏற்றுமதி பில்லுக்கு ஒன்று என்று மூன்று கிழட்டுக் கம்ப்யூட்டர்கள். தினம் ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும். புதிதாக ஒரே பெட்டி வாங்கி, லினக்ஸ் போட்டு, பழைய மூன்றையும் அதற்குள்ளேயே தனித்தனியாக ஓடவிடலாம் என்பது ஷானாஸின் யோசனை. எனக்கு லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையும் பயமும்தான். ஓர் எழுத்து பிசகினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

புதுப் பெட்டி வந்து, எல்லாம் போட்டும் உள்ளே ஒன்றும் எழும்பவில்லை. "இன்னாடி இது, இப்டி பேஜார் பண்ணுது?" என்று தலையில் கைவைத்தவள், ஆன் செய்ததும் வரும் நீலப் பக்கத்துக்குள் புகுந்து தேடினாள். ப்ராசஸரில் அதற்கான வசதியே அணைந்து கிடந்தது. அதை மாற்றியதும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழித்தன. "பாருடி, ஒரே வயித்துல மூணு புள்ள!" துப்பட்டா நழுவுவதுகூடத் தெரியாமல் கைதட்டினாள்.

மேனேஜருக்கும் சந்தோஷம்தான். மறுவாரம் கூப்பிட்டு, "ஒரு மெஷினுக்கு ஒருத்தர் போதும்மா. யார் போறதுன்னு நீங்களே பேசிச் சொல்லுங்க" என்றார்.

அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப் மூடி, வீடு என் சம்பளத்தில் ஓடிய காலம். ஷானாஸ் என்னைப் பேசவே விடவில்லை. "நான் நின்னுக்கிறேன்டி. எனக்கு நிக்காஹ் பேசிட்டாங்க. மாப்ள பெங்களூரு." அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். பத்திரிகை வரும் முன்பே புடவை எடுத்து வைத்துவிட்டேன், அவ்வளவு கெட்டிக்காரி.

சில மாதம் கழித்து, பைபாஸ் ஓரம் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கழுத்தில் அடையாள அட்டை, விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை. நான் வாய் திறக்குமுன், "நம்ம மெஷின் நல்லா ஓடுதா?" என்றாள்.

"நிக்காஹ்?"

"அப்டி சொல்லலன்னா நீ உட்ருப்பியாடி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நடுரோட்டில் அழுதது நான். மறுநாளே மேனேஜரிடம் அவளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். "பார்க்கலாம்" என்றார். அதற்குள் ஆர்டர் இல்லாமல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். நான் சென்னைக்கு வந்தேன். அவள் குடும்பம் வாடகை வீட்டைக் காலிசெய்துகொண்டு எங்கேயோ போய்விட்டது.

போன மாதம் ஊருக்குப் போனபோது அவள் குடியிருந்த தெருவில் விசாரித்தேன். வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். எதிர்க் கடைக்காரர் நல்ல மனிதர், நாற்காலி எடுத்துப் போட்டார்.

"எந்த ஷானாஸும்மா?"

"கம்ப்யூட்டர்லாம் ரொம்ப நல்லா தெரியும், பாய்."

"இங்க அப்டி யாரும் இருந்த மாரி தெரியலியேம்மா" என்றார்.