அடுப்புக்கு வைத்த பொட்டு

பொட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும் செஞ்சிக் கடைத்தெருவில் என்னைவிட அதிகமாக ஸ்டிக்கர் பொட்டு வாங்குகிறவள் இருக்க முடியாது. முதல் தடவை ஃபேன்சி கடைக்காரர் இன்னா கலர் என்று கேட்டார். எந்தக் கலராவது இருக்கட்டும், கல் பதித்ததாகக் கொடுங்கள், விரலில் தட்டுப்பட வேண்டும் என்றேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் கல்லுப் பொட்டாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

எல்லாம் ஒரு அடுப்பினால் வந்தது. செஞ்சியில் கிளார்க் வேலை கிடைத்து, தொண்டூரிலிருந்து வந்து ஒரு மாடி ரூம் பிடித்தேன். கேஸ் அடுப்பு கூடாது என்பது கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்காவின் கண்டிஷன். அண்ணனின் கண்டிஷன் அதைவிடப் பெரியது. நைனா போன பிறகு எங்கள் வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்பேன், தனியாக ஆக்கித் தின்ன முடியவில்லை என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்றார். அதன் பிறகு தினமும் அவரே பைக்கில் கொண்டுவந்து ஆபீசில் விட்டு, சாயங்காலம் கூட்டிப்போவாராம். முப்பத்திரண்டு வயதில் என்னை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் பார்த்தார்.

அப்படிச் சொல்லிவிட்டு அவரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் வாங்கித் தந்தார். தடவிப் பார்த்தேன். பொத்தான் இல்லை, திருகு இல்லை, மழமழவென்று ஒரே கண்ணாடி. எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி 'பீப்' என்றது. என் போன் எனக்கு ஆபீஸ் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறது, பஸ் வருகிற நேரம் சொல்கிறது. சோறு வடிக்கிற சாமானுக்கு மட்டும் வாய் இல்லை, முகமும் இல்லை. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன்.

"வீட்ல கண்ணு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க மேடம்" என்றது அந்தப் பெண் குரல்.

"அவங்க இருந்தா நான் எதுக்குங்க உங்களுக்குப் போன் பண்றேன்?" என்றேன். ஹோல்டில் போட்டு பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் பச்சைத் தண்ணீரே கொதித்திருக்கும். ஆனால் கோபத்தை வைத்து உலை வைக்க முடியாது. போனில் ஒரு ஆப் உண்டு. நாம் கேமராவைக் காட்டினால், எங்கேயோ இருக்கிற முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துச் சொல்வார். அன்றைக்குக் கிடைத்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். "இன்னும் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கமுங்க" என்று அவர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல ஆறு பொட்டு ஒட்டினேன். பொத்தான் மேலேயே ஒட்டினால், தடவும்போதே அடுப்பு ஓட ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் ஒரு விரற்கடை கீழே தள்ளி ஒட்டினேன். அன்று ராத்திரி ரசமும் சோறும். இரண்டு மாதம் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. சாவியை அக்காவிடம் கொடுத்து, என் ரூமுக்கும் சேர்த்துப் பூஜை போட்டுவிடச் சொல்லிவிட்டுப் பொரி வாங்கப் போனேன். திரும்பினால் மாடிப்படியில் அண்ணன். கையில் ஒரு பெரிய டிராவல் பை. தொட்டுப் பார்த்தேன், காலி. என் மூட்டையைக் கட்டத்தான்.

முதலில் டீ போடுகிறேன் என்று பாலை வைத்தேன். விரலை வழக்கமான இடத்துக்குக் கொண்டுபோனேன். பொட்டைக் காணோம். அந்த வரிசைக்கு நடுவில் ஈரமாக என்னவோ வட்டமாக ஒட்டியது. சந்தனம், அதன் மேல் குங்குமம். என் ஆறு பொட்டும் போய், அடுப்புக்கே ஒரு பெரிய பொட்டு வைத்திருந்தார்கள்.

மேலேயிருந்து கூப்பிட்டேன். அக்கா படியேறி வந்தார்.

"ரூம்ல கண்ணாடி இல்லியே, பாவம், பழைய பொட்டையெல்லாம் அடுப்புல ஒட்டி வச்சிருக்குதுன்னு நெனச்சிட்டேன். நகத்தால சுரண்டி, நல்லா தொடச்சி வச்சேம்மா" என்றார்.

கண்ணாடியில் பழைய பொட்டு ஒட்டாத பெண் இந்த ஊரில் உண்டா? அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனால் அண்ணன் எழுந்துவிட்டார்.

"போதும். கெளம்பு, வீட்டுக்குப் போலாம். இந்த டீய நான் போட்டுர்றேன்."

கண் இருக்கிறதல்லவா, அமுக்கினார். பீப். இன்னொன்றை அமுக்கினார். இரண்டு பீப். அப்புறம் எதை அமுக்கினாலும் சத்தமே இல்லை. அடுப்பு ரிப்பேர் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரிப்பேர் இல்லண்ணா. குழந்தைங்க தொடாம இருக்கிற பூட்டை அமுக்கிட்ட. தள்ளு."

வலது ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடையில் மூன்று நிமிஷம் போல் தோன்றிய மூன்று வினாடி விரலை வைத்திருந்தேன். பூட்டு விட்டது. சுவிட்சை அணைத்து, சந்தனத்தைத் துடைத்து, என் கைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்தேன். முதல் தடவைதான் கோயம்புத்தூர்க் கண் தேவைப்பட்டது. இப்போது இடமெல்லாம் என் விரலுக்கே மனப்பாடம். இடதிலிருந்து மூன்று விரற்கடை ஒன்று, அடுத்த இரண்டில் ஒன்று என்று ஆறையும் அளந்து ஒட்டினேன். அண்ணன் சொல்லித்தர வாயெடுத்தபோதெல்லாம் "நீ உக்காரு" என்றேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பால் பொங்கும் முன் வாசனையே சொல்லிவிடும். இறக்கி, வடிகட்டி, ஒரு சொட்டும் சிந்தாமல் மூன்று டம்ளரில் ஊற்றினேன்.

அண்ணன் ஒரு வாய் குடித்தார்.

"சக்கரை கம்மியா இருக்குது."

"அலமாரியில இருக்குது, எடுத்துக்க."

அலமாரியில் ஒரே அளவில் ஐந்து எவர்சில்வர் டப்பா.

"எதுல இருக்குது?"

"அடியில மூணு பொட்டு இருக்கும். தடவிப் பாரு."

டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. முதலில் உப்பைத்தான் திறந்தார், கல்லுப்பு உருண்ட சத்தத்தில் தெரிந்தது. அவரே கண்டுபிடிக்கட்டும்.

பொழுது சாய்வதற்குள் தொண்டூர் பஸ் வந்தது. அண்ணன் ஏறும்போது அந்தப் பை என் கையில் உரசியது. வந்தபோது இருந்த மாதிரியே, காலியாக.