சொறிக்குள் ஒண்டும் மீன்

சாராளுக்கு வேலை என்னவென்றால் அள்ளுவதுதான். காட்டுப்பள்ளிப் பக்கம், கடல் தண்ணீரை உறிஞ்சிக் குடிநீராக்கும் ஓர் ஆலை. தண்ணீரோடு வரும் குப்பை ஒரு பெரிய இரும்பு வலைத்தட்டியில் மாட்டிக்கொள்ளும். அதை வழித்துத் தள்ளுவண்டியில் போட்டுக் குழியில் கொட்ட வேண்டும். பதினொரு வருஷமாக அள்ளுகிறாள், இன்னும் கான்ட்ராக்ட்தான். நிரந்தரம் ஆக்குவதாகச் சொன்ன மேனேஜர்கள் மூன்று பேர் மாற்றலாகிப் போய்விட்டார்கள். குப்பைக்கு மட்டும் மாற்றல் கிடையாது.

வெயில் ஏறும் மாதங்களில் குப்பையை விடச் சொறிதான் அதிகம். ஆபீஸில் அதை ஜெல்லி மீன் என்பார்கள். கூழ் மாதிரி இருக்கும், கீழே நூல் நூலாகத் தொங்கும், அந்த நூல் பட்டால் தோல் தீப்பட்டதுபோல் எரியும். ஒரு நாள் அந்த நூல்களுக்கு நடுவே ஏதோ துள்ளுவதைப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவு மீன், வெள்ளிக் கலர், வயிற்றில் கறுப்புப் பட்டை. பெரிய மீனுக்குப் பயந்து சொறிக்குள் ஒண்டிக்கொள்ளும் ஜாதி. நூலில் படாமல் விலகி விலகியே காலம் தள்ளிவிடும். அதன் பெயர் என்னவென்று பழவேற்காட்டு மீன்காரர்களைக் கேட்டாள், யாருக்கும் தெரியவில்லை. குழம்புக்கு ஆகாத மீனுக்கு யார் மெனக்கெட்டுப் பெயர் வைக்கப் போகிறார்கள்?

மீன் மேல் பாசம் என்றெல்லாம் சொல்ல முடியாது. உயிரோடு துள்ளுவதைக் குழியில் கொட்ட மனசு வரவில்லை, அவ்வளவுதான். பக்கெட்டில் கடல் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுவாள். பிறகு கடலுக்குத் திரும்பும் வாய்க்காலில் ஊற்றிவிடுவாள். தடித்த ரப்பர் கையுறையோடு எடுத்தால் மீன் நசுங்கிவிடும். அதனால் வலது கையுறையை மட்டும் கழற்றிவிடுவாள். இரண்டு மணிக்கு முடிய வேண்டிய ஷிப்ட், அவள் கிளம்ப மூன்றாகிவிடும். சூப்பர்வைசர் தேசப்பன் தலையில் அடித்துக்கொள்வான்.

இந்த வருஷ மெடிக்கல் செக்கப்பில்தான் வந்தது வினை. புதிதாக வந்த டாக்டரம்மா இரண்டு கைகளையும் மேஜைமேல் வைக்கச் சொன்னார். இடது கை சாதாரணமாக இருந்தது. வலது கை முழங்கை வரை தடிப்பும் கறுத்த கோடுகளுமாக இருந்தது. ஏன் ஒரு கை மட்டும் இப்படி என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். இருந்த அலுப்பில் அவளுக்குப் பொய்கூட வரவில்லை.

"கிளவுஸ் போட்டுக்கினு எடுத்தா மீனு நசுங்கிப் பூடுது மேடம். அதான் கழட்டிடுவேன்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் விசாரித்தார். போன வாரம் ஒரு தடவை தொண்டையை அடைத்தது என்றாள் சாராள். பட்டுப்பட்டு உடம்பு அந்த விஷத்தைத் தாங்க முடியாமல் போய்விட்டது, இன்னொரு தடவை பட்டால் உயிருக்கே ஆபத்து, இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதத்தான் வேண்டும் என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

சாராளின் புருஷன் சாம்சனுக்கு இரண்டு கிட்னியும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், எல்லாம் அவளுடைய இ.எஸ்.ஐ. கார்டில்தான். வேலை போனால் கார்டு போகும். கார்டு போனால் சாம்சன் எத்தனை நாள் தாங்குவான்?

"எழுதாதீங்க மேடம். எங்க ஊட்டுக்காரு உயிரு இந்த வேலையிலதான் கீது. இனிமே கழட்ட மாட்டேன். மீன எடுக்கவே மாட்டேன்."

டாக்டரம்மா, கையுறையைக் கழற்றுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு மட்டும் தகுதி என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை தட்டி நிறையச் சொறி. சாராளின் இரண்டு கைகளிலும் கையுறை. மனசு கேட்காமல் ஒரே ஒரு மீனை ரப்பர் விரலாலேயே மெதுவாக எடுத்துப் பார்த்தாள். அது நசுங்கிவிட்டது. அதற்கப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். குனிந்து பார்க்கவில்லை. மீன்கள் வண்டியின் தகட்டில் துள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினாள். பாவம் செய்கிறோம் என்று தோன்றியது, கை நிற்கவில்லை.

இரண்டு மணிக்கு முன்பே வேலை முடிந்து, வண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். தேசப்பன் வந்து தட்டியைப் பார்த்தான். அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"யக்கா, இன்னைக்குத்தான் நீ வேலைய வேலையா செஞ்சிகீற" என்றான்.

சாராள் தலையை ஆட்டினாள்.