சுருளியின் ஈரல்

சிலமலை சுருளிக்கு ஜீப்பு ஓட்டுவதைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. விடியுமுன் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறுவார், பொழுது சாயுமுன் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். இத்தனை வருடத்தில் வண்டி எங்கும் உரசியதில்லை. குடியையும் தொட்டதில்லை. ஒரே பழக்கம், வாயில் எந்நேரமும் ஓர் ஏலக்காய்.

சென்ற ஆண்டு பித்தப்பையில் கல். போடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்போதுதான் 4கே கேமரா வந்திருந்தது. வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாயை விட்டால் மயிரிழை ரத்தக்குழாய்கூடத் திரையில் தனியாகத் தெரியும். சொந்தக்காரர்கள் பார்ப்பதற்கென்று வெளிக்கூடத்திலும் ஒரு பெரிய டிவி. ஆபரேஷன் அன்று வண்டி ஓடாததால் சுருளியின் மனைவி அமுதவள்ளியோடு ஜீப்புப் பெண்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

திரையில் பித்தப்பை தெரிந்தது. பக்கத்திலேயே ஈரல். மஞ்சள் பூத்து, மேலெல்லாம் பொடிப்பொடியாக மேடு தட்டியிருந்தது.

"ஆத்தாடி, ஆட்டு ஈரலு எம்புட்டு வழுவழுன்னு இருக்கும்! இதென்னடி சொறி புடிச்சாப்ல?" என்றார் குருவம்மாள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அனுப்புபவர் அவர். யார் எந்த ஜீப்பில் ஏறுவது என்பதும் அவர் சொல்வதுதான்.

"எங்க மாமாவுக்கும் இப்படித்தான். குடிச்சே வெந்துபோன ஈரலு" என்றாள் ஜீப்பில் வரும் தேவி. "இப்பத்தான தெரியுது, அண்ணே எதுக்கு ஏலக்காய மென்னுக்கிட்டே திரியுறாருன்னு. வாடை வராம இருக்க!"

கூடமே சிரித்தது. அமுதவள்ளி சிரிக்கவில்லை.

சுருளிக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, அதனால் கொழுப்புப் படிந்தும் ஈரல் இப்படி ஆகும், இனிப்பை அடியோடு நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். சுருளி அதை ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார்.

"டாக்டரு ஒம் மானத்தக் காப்பாத்துறாரு அப்பு" என்றார் குருவம்மாள். "நாங்கதான் கண்ணால பாத்தோம்ல."

உடம்பு தேறி வண்டியை எடுத்தபோது பெண்கள் இன்னொரு டிரைவர் ஜெகதீஷின் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சுருளி ஏலக்காயை விட்டுப் பார்த்தார். குடியை நிறுத்திவிட்டார் என்றார்கள். மறுபடி மென்றார். மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்றார்கள். சோறு போடும்போது அமுதவள்ளியே கேட்டாள்: "எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லுங்க."

ஜீப்பு வாசலிலேயே நின்றது. கடைசியில் குருவம்மாளைத் தேடிப் போனார்.

"கருப்பசாமி கோயில்ல சத்தியம் பண்ணிக் கயிறு கட்டு. நாளைக்கே ஆளுக லோடு ஒனக்கு."

"குடிக்காதவன் எப்படிக்கா குடிய விட்டேன்னு கயிறு கட்டுறது?"

"அப்ப இனிமே குடிக்கப் போறேங்கிறியா?"

சுருளி அன்றே பூசாரியிடம் கையை நீட்டினார். கறுப்புக் கயிறு ஏறியது. இவ்வளவு நாள் சுருளி குடித்தார் என்பதற்கு இப்போது சாமியும் சாட்சி.

மறுநாள் ஜீப்பு நிறைந்தது. சாயங்காலம் திரும்பும்போது மெட்டில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தியதும், கூட வந்திருந்த குருவம்மாளே ஒரு கிளாசைக் கொண்டுவந்து நீட்டினார்.

"சீனி தூக்கலாப் போடச் சொன்னேன். குடிய விட்ட ஒடம்பு இனிப்புக் கேக்கும். குடி."

"யக்கா, எனக்கு இனிப்பு ஆகாதுக்கா, டாக்டரு..."

பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஏண்ணே," என்றாள் தேவி, "இனிப்பு வேணாமா? அப்ப ஒடம்பு வேறெதுவும் கேக்குதோ?"

எல்லாக் கண்களும் அவர் மணிக்கட்டுக் கயிற்றில் இருந்தன. இறங்கவேண்டிய வளைவுகள் அத்தனையும் இன்னும் பாக்கி. சுருளி கிளாசை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

குருவம்மாள் முகம் மலர்ந்தது. "ஒடம்பு எப்படி இழுக்குது பாருடி!" என்றவர் கடைக்காரரைப் பார்த்துத் திரும்பினார். "தம்பிக்கு இன்னொன்னு கொண்டா."