பேர்கனுக்கு முதலில் போவது யார் — ஐயரா, புயலா?

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், வேட்டிக்கு மேல் தடித்த குளிர்க்கோட்டுப் போட்ட ஐயர் ஒருவர் என்னை முறைத்துப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவர் சும்மா முறைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லப் புயலில் இருந்து தொடங்க வேண்டும்.

நோர்வேயில் இருக்கிற எங்கள் ஆட்கள் சிலர் ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். வேலை என்ன? வானம் பார்ப்பது. எங்கே காற்று, எங்கே ஸ்னோ — நாள் முழுக்க இதே கதை. சிலருக்குக் கிரிக்கெட், சிலருக்குச் சீட்டு. எங்களுக்கு மேகம்.

குழுவை நடத்துவது பேர்கனில் இருக்கும் குகன் அண்ணை. ஆஸ்பத்திரியில் வேலை. வளவுக்குள் மழைமானி வைத்திருக்கிறார். ஆனால் அவருக்கு ஒரு மனக்குறை. கடல் பக்கம் என்பதால் பேர்கனில் குளிர் குறைவு. தை மாதத்திலும் மழைதான். ஒஸ்லோவில் நாங்கள் முழங்கால் அளவு ஸ்னோவைப் படம் எடுத்துப் போட, அவர் நனைந்த குடையைப் படம் எடுத்துப் போடுவார்.

"எனக்கும் ஒரு நாள் வரும்" என்பார்.

வந்தது. எப்போது? மகளின் கல்யாணத்தன்று!

திங்கட்கிழமை முதல் வானிலை வரைபடத்தைப் போட்டது சரவணன். தமிழ்நாட்டுப் பிள்ளை, ஒஸ்லோவில் கம்ப்யூட்டர் வேலை. "அண்ணா, சனிக்கிழமை பேர்கன்ல கடல் மட்டம் வரைக்கும் ஸ்னோ. மாடல் எல்லாமே ஒண்ணுபோல சொல்லுது. செம புயல் சிஸ்டம்!"

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு மாடல் என்கிற கம்ப்யூட்டர்க் கணிப்பு விளங்காது. நிறம் விளங்கும். பேர்கனுக்கு மேல் நல்ல கத்தரிக்காய் நிறம். கொட்டித் தள்ளப்போகிறது என்று அர்த்தம்.

குகன் அண்ணை வரிசையாகப் பட்டாசுப் படம் போட்டார். குழுவே துள்ளியது. பின்னேரம் அவரிடமிருந்து ஒரு வரி...

"சனிக்கிழமையோ? ஐயோ, அண்டைக்கெல்லோ பிள்ளையின்ர கல்யாணம்!"

தகப்பனுக்கே அப்போதுதான் நினைவு வந்திருக்கிறது.

பேர்கனில் எங்கள் சனம் குறைவு. கல்யாணத்துக்கு ஐயர் ஒஸ்லோவிலிருந்துதான் போகவேண்டும். நடுவில் மலை. புயல் அடித்தால் மலைப்பாதையைப் பூட்டிவிடுவார்கள். வெள்ளி விமானத்தில் இடமில்லை, சனி விமானம் பறப்பதே சந்தேகம். ஐயர் இல்லாமல் தாலி ஏறுமா? ஆகவே வெள்ளி பகலுக்குள் அவரைக் காரில் மலை தாண்டிக் கொண்டுபோக வேண்டும்.

கொண்டுபோகிற வேலை என் தலையில் விழுந்தது. "நீர்தான் சரியான ஆள்" என்றார் குகன் அண்ணை. "நீர் வாய் திறக்கமாட்டீர். ஐயர் பாதை முழுக்க நிம்மதியா நித்திரை கொள்ளுவார்."

வெள்ளிக்கிழமை கோயில் பூசை பதினொரு மணிக்கு முன் முடிந்துவிடும். முடிந்ததும் ஏற்ற வேண்டும், ராகுகாலத்தில் மட்டும் வெளிக்கிடக் கூடாது. இதுதான் எனக்கு வந்த உத்தரவு.

ஒஸ்லோ எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் யாழ்ப்பாணத்துக் கலண்டர் தொங்குகிறது. பார்த்தேன். வெள்ளி ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. அப்படியென்றால் பன்னிரண்டுக்குப் பிறகுதானே போகவேண்டும்?

"இஞ்சருங்கோ, ஐயருக்கு ஒரு போன் அடிச்சுக் கேளுங்கோவன்" என்றார் மனைவி.

கேட்டிருக்கலாம். ஆனால் நானாகப் போன் எடுத்து... வணக்கம் சொல்லிவிட்டு அடுத்தது என்ன சொல்வது? "கலண்டரிலை தெளிவாத்தானே கிடக்குது" என்று சொல்லிவிட்டு, டயரைப் பார்க்கக் கீழே இறங்கிவிட்டேன்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் கோயில் வாசலில் காரை நிறுத்தினேன். ஓமச் சாமான் பெட்டியோடு ஐயர் வெளியே நிற்கிறார். மூக்கு சிவந்துபோயிருந்தது. அப்போதுதான் அந்த முறைப்பு!

"தம்பி, பதினொரு மணியில இருந்து நிக்கிறன்."

"ராகுகாலம் ஐயா... கலண்டரிலை..."

"எந்த ஊர்க் கலண்டர்?"

சொன்னேன். ஐயர் நெற்றியைத் தடவினார். ராகுகாலம் சூரியன் உதிக்கிற நேரத்தை வைத்துக் கணிப்பதாம். ஊரில் ஆறு மணிக்கு வருகிற சூரியன், இங்கே தை மாதத்தில் ஒன்பது மணிக்குத்தான் எழும்புகிறது.

"இஞ்சை பதினொண்டரைக்குத் தொடங்கி இனிப் பன்னிரண்டரைக்குத்தான் முடியும். நேரத்துக்கு வந்திருந்தால் இப்ப ஒஸ்லோவைத் தாண்டியிருப்பம். நீர் நல்லாப் பார்த்து, நடு ராகுகாலத்திலை வந்து நிக்கிறீர்!"

இப்படியே வெளிக்கிடுவோமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். "எனக்கெண்டால் பரவாயில்லைத் தம்பி. ஒரு பிள்ளையின்ர தாலிக்குப் போற பயணம். பொறும்."

காருக்குள் ஏறிப் பன்னிரண்டரை ஆகும்வரை காத்திருந்தோம். போன் விடாமல் துடித்தது.

"அண்ணா, சிஸ்டம் ஃபாஸ்டா வருது. சாயங்காலமே மலையை க்ளோஸ் பண்ணிடுவாங்க போல. எங்க இருக்கீங்க?" — சரவணன்.

"எங்கை நிக்கிறியள்?" — குகன் அண்ணை.

கோயில் வாசலில் நிற்கிறோம் என்று எப்படி எழுதுவது? "வந்துகொண்டிருக்கிறம்" என்று எழுதினேன்.

ஐயர் எட்டிப் பார்த்தார். "ராகுகாலத்திலை பொய் வேறயோ?"

மலையடிக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. காற்று காரைப் பிடித்து உலுக்கியது. ஸ்னோ தள்ளும் வண்டி ஒன்று முன்னே போக, கார்கள் அதன் பின்னால் வரிசையாகப் போகத் தயாராக நின்றன. அன்றைக்கு அதுதான் கடைசி வரிசை. எங்களுக்கு முன் நின்ற காரோடு கையைக் காட்டி மறித்துவிட்டார் மஞ்சள் சட்டை போட்ட நோர்வேக்காரர்.

"இறங்கிக் கதையும் தம்பி!" என்றார் ஐயர்.

நானா?

இறங்கினேன். காற்றில் வாய் திறக்கவே முடியவில்லை. தெரிந்த நொர்ஸ்க் மொழியில் கத்தினேன். "நாளைக்குக் கல்யாணம்! பொம்பிளை பேர்கனில்! பூசாரி என்ர காருக்குள்ளை!"

அவர் குனிந்து காருக்குள் வெளிச்சம் அடித்தார். உள்ளே மூன்று கோடு திருநீறும் கோட்டுமாக ஐயர் கும்பிட்டார். மனிதர் சிரித்துவிட்டார். "சரி, இன்னும் ஒரு கார்" என்று கையை அசைத்தார்.

எங்களுக்குப் பின்னால் மலை பூட்டிக்கொண்டது.

சனிக்கிழமை விடிய, பேர்கன் வெள்ளையாகக் கிடந்தது. மண்டபத்தில் நாதஸ்வரம், மணவறையில் பொம்பிளை மாப்பிளை. கன்னிகாதானத்துக்கு ஐயர் கூப்பிடுகிறார். "பொம்பிளையின்ர தகப்பன் எங்கை?"

காணவில்லை! தேடி ஓடினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கார் நிறுத்துகிற இடத்தில் குந்தியிருந்து, அடிமட்டத்தால் ஸ்னோவை அளந்துகொண்டிருக்கிறார்.

"பதின்மூண்டு சென்ரிமீற்றர்! படம் எடும், படம் எடும்!"

"அண்ணை, கன்னிகாதானம்!"

அடிமட்டத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். மகளின் கையைப் பிடித்ததும் அவள் திடுக்கிட்டுத் துள்ளினாள். "அப்பா! கை ஐஸ் மாதிரி இருக்கு!" மண்டபமே சிரித்தது. குகன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை. மாப்பிளையின் கையில் கொடுக்கும்படி ஐயர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

எங்களைப் போன்ற வானம் பார்க்கிறவர்களிடம் ஒரு கள்ளம் உண்டு. சனத்தை எச்சரிக்கத்தான் பார்க்கிறோம் என்போம். உள்ளுக்குள் ஆசை வேறு — புயல் வரவேண்டும், ஆனால் எங்கள் வீட்டு அலுவல் மட்டும் குழம்பக் கூடாது!

ஞாயிறு காலை பேர்கனில் வழக்கமான மழை. குகன் அண்ணை குழுவில் எழுதினார். "ஸ்னோ எல்லாம் கரைஞ்சு போச்சு. பிள்ளையும் மாப்பிளையோட வெளிக்கிட்டுட்டாள். வீடு வெறிச்செண்டு கிடக்குது."

இத்தனை பேர் ஒரு கிழமையாக வரைபடம் பார்த்தோம்... இது வரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.