அம்மா ஏந்திய கிளாஸ்

ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்ட காலம். யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போய்விடுவது என்று அப்பா ஒரு பெட்டியை அடுக்கி அலுமாரிக்கு மேலே தயாராக வைத்திருந்தார். அதே காலத்தில்தான் அம்மா, எங்கள் சின்ன ஜெர்மன் நகரத்துக் கோட்டையின் மரக்கோபுரத்தைக் காப்பாற்றியே தீருவது என்று கிளம்பினார்.

கோபுரம், அம்மா சமைக்கும் குசினி யன்னலுக்கு நேரே நின்றது. உத்தரங்கள் உக்கிவிட்டன, இடிப்பதுதான் வழி என்றது நகரசபை. விடமாட்டோம் என்று சிலர் கூடினார்கள். அவர்களில் கறுத்த தலைமுடி அம்மாவுக்கு மட்டும்தான். சனிக்கிழமை வந்தால் போதும், பழைய குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கோபுரத்து மரத்தில் பாசி சுரண்டப் போய்விடுவார். அன்று எங்களுக்குச் சோறு கிடையாது, பாண்தான்.

"ஊருக்குப் போறதெண்டா உந்தக் கோபுரம் உமக்கு என்னத்துக்கு?" என்பார் அப்பா.

"போறவை போகட்டும். இது நிமிர்ந்து நிக்கிறதை நான் பாக்கோணும்."

உக்கிய மரங்களை மாற்றிப் புதிய கூரைச் சட்டம் ஏற்றிய அன்று விழா. உச்சியில் நின்ற தச்சர் வாழ்த்துச் சொல்லி, வைனைக் குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வீசினார். நல்ல காரியத்தில் கண்ணாடி உடைந்தால் அபசகுனம் என்று வளர்ந்தவர் அம்மா. பாய்ந்து போய், சால்வையை விரித்து ஏந்திவிட்டார். ஒரு கீறல்கூட இல்லை. பெருமையோடு அதைத் தூக்கிக் காட்டினார்.

ஒருவரும் கைதட்டவில்லை. கிளாஸ் சிதறினால்தான் கட்டடம் நிலைக்கும் என்பது அந்த நாட்டு வழக்கமாம். பக்கத்தில் நின்றவர் அதைச் சொன்னபோது எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்தது. அம்மா அழுகிற ஆளா? உயரம் என்றாலே தலைசுற்றுகிறவர், கிளாஸைப் பிடித்தபடி ஏணியில் ஏறத் தொடங்கினார்.

"இறங்கும்! விழப்போறீர்!" என்று கத்தினார் அப்பா.

"நான் கெடுத்ததை நான்தான் சரிசெய்யோணும்."

உச்சியிலிருந்து ஓங்கி எறிந்தார். கிளாஸ் சுக்குநூறானது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அம்மா உடனே இறங்கவில்லை. எங்கள் வாடகை வீட்டுப் பக்கம் கையை நீட்டி, "இஞ்சேருங்கோ, இதிலை நிண்டா எங்கடை வீடு தெரியுது!" என்று கூவினார். அப்பா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

அன்று பின்னேரம் அப்பா அந்தப் பெட்டியை இறக்கி, உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரிக்குள் அடுக்கினார். வெறும் பெட்டியை என்னிடம் தந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என் பொம்மைகள் எல்லாம் அதற்குள் கொள்ளுமா என்பதுதான் எனக்கு அப்போது பெரிய கவலை.